ரிஜிஸ்டர் அக்கா எழுதிய காட்டேரிக் கதை

அவருடைய வேலைச் சட்டையை அவரேதான் துவைப்பார். கல்யாணமான முதல் வாரமே போட்ட ஏற்பாடு அது. வீட்டுத் துணிக்கு நீல வாளி, அவர் சட்டைக்கும் கால்சட்டைக்கும் சிவப்பு வாளி. சிவப்பு வாளியை வேறு யாரும் தொடக்கூடாது. குந்தி உட்கார்ந்து தேய்த்த காலம் போய், முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் குளியலறையை அடைத்துக்கொள்வார். துவைத்து முடித்ததும் வாளியைக் கழுவி, கையைக் கழுவி, கடைசியில் குழாயையும் கழுவுவார்.

"கொலை பண்ணிட்டு வந்தவன்கூட இவ்வளவு கழுவ மாட்டான்ப்பா" என்று வெளியில் வரிசை காத்து நிற்கும் மகள் சொல்வாள்.

"கொலைதானே பண்ணிட்டு வர்றேன். வாரத்துக்கு நானூறு, ஐந்நூறு" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவர் தானியக் கிடங்கில் எலி மருந்து வைப்பவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. தெருவில் ‘மருந்துக்காரர்’ என்றால்தான் தெரியும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அந்தப் பெயரை நம்பி, காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டாள். அவர் பதறிப்போய், "அம்மா, என் மருந்தைச் சாப்பிட்டு எழுந்து நடந்தவங்க யாருமில்ல, நீங்க வேற டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார்.

நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. ஆனால் அவரை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாது.

அவள் காட்டு விலங்குகளுக்கான சிகிச்சை மையத்தில் பதிவேடு எழுதுகிறவள். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு கம்பிவலைக் கொட்டகை, அவ்வளவுதான். முதல் அறையில் உயிரோடு இருப்பவை, இரண்டாவது அறையில் உயிர் போனவை. இரண்டுக்கும் நடுவில் கதவோரமாக அவள் மேஜை. பழைய குமாஸ்தா திடீரென்று வேலையை விட்டுப்போனபோது, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து குண்டுகுண்டாக இருந்தது. அறுத்துப் பார்ப்பதைக் கண்டு வாந்தி எடுக்கவும் இல்லை. மூன்று மாதம் பதினேழு வருஷமாகிவிட்டது. டாக்டரிலிருந்து, அடிபட்ட பிராணிகளைக் கூண்டில் தூக்கிக்கொண்டு வரும் கூண்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘ரிஜிஸ்டர் அக்கா’.

டாக்டர் கத்தியைப் பிடித்துக்கொண்டே சொல்வார், அவள் எழுதுவாள். வரிசை எண், என்ன பிராணி, எங்கே கிடைத்தது, எடை, வெளிக்காயம், உள்ளே கண்டது. இந்த டாக்டர் வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் ஒரு பருந்தின் எடையைச் சொல்ல மறந்துவிட்டார். கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று அவளே மனதுக்குள் தூக்கிப் பார்த்து அறுநூறு கிராம் என்று போட்டுவிட்டாள். சாயங்காலம் அவர் அதைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை.

"தெரியலைன்னா கோடு போட்டுடுங்கக்கா. மனசுல தோணின நம்பரை மட்டும் போடாதீங்க. செத்ததுக்குன்னு நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது இந்த நாலு நம்பர்தான்."

தன்னைவிட எட்டு வயது இளையவரிடம் அப்படிக் கேட்டுக்கொண்டது அவளுக்கு உறைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் எந்த எண்ணையும் சும்மா சொல்ல முடியவில்லை. "எப்பம்மா வந்தே?" என்று மகள் கேட்டால் "ஆறு பன்னிரண்டு" என்பாள். எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று யாராவது கேட்டால் விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். வீட்டில் இது ஒரு பெரிய கேலி.

அவள் கதையும் எழுதினாள். மகள் ஐந்து வயதில் அம்மை கண்டு படுத்திருந்த பத்து நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வீணாய்ப்போன பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தது. எட்டு மாதம் கழித்து ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது. அதிலிருந்து நாற்பத்தொரு கதைகள், எல்லாம் அதே பத்திரிகையில். மாமியார், நாத்தனார், வேலைக்குப் போகும் பெண், போகாத பெண். ஆண்பிள்ளைப் பெயர் ஒன்றைப் புனைபெயராக வைத்துக்கொண்டதால் தெருவில் யாருக்கும் தெரியாது. மையத்தில் மட்டும் தெரியும். கூண்டுக்காரர் பத்திரிகை வந்ததும் டீ நேரத்தில் எல்லோருக்கும் உரக்க வாசிப்பார். கணவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "நீ வாயால சொல்றதையே என்னால முழுசாக் கேக்க முடியல, இதுல எழுதினதை வேறயா?" என்பார். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் சௌகரியமாகவே இருந்தது.

போன வருஷம் ஆசிரியர் போன் செய்தார்.

"அம்மா, மாமியார் போதும். யாரும் படிக்கிறதில்ல. பேய், பிசாசு, ரத்தம், இப்படி ஒரு தொடர் குடுங்க."

"எனக்குப் பேயைப் பத்தி என்ன சார் தெரியும்?"

"மாமியாரைத் தெரியும் இல்ல? பல்லை மட்டும் கொஞ்சம் நீளமா வச்சிடுங்க."

அவள் சிரித்தாள். ஆனால் அன்று மத்தியானம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தனக்குப் பேயைப் பற்றி நிறையத் தெரியும் என்று பட்டது. பதினேழு வருஷத்துப் பதிவேட்டில் இருந்ததெல்லாம் என்ன? ஆலமரத்தை வெட்டியதும் போக இடமில்லாமல் பள்ளிக்கூட ஓட்டுக்குள் புகுந்து, மொத்தமாகப் புகை போட்டுக் கொல்லப்பட்ட வௌவால்கள். சொறி பிடித்து உடம்பு மயிரெல்லாம் உதிர்ந்து, பட்டப்பகலில் குப்பைமேட்டுக்கு வந்த நரி. அதைப் பிசாசு என்று சொல்லி ஆறு பேர் சேர்ந்து கட்டையால் அடித்தார்கள். புதிதாகக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் வானம் தெரிகிறதென்று மோதிக் கழுத்தொடிந்த குருவிகள், ஒரே காலையில் பத்தொன்பது.

அவளுடைய ரத்தக்காட்டேரிகள் இப்படித்தான் பிறந்தன. பழைய ஆலைக் கூரையில் தலைகீழாகத் தொங்கும் ஒரு குடும்பம். தலைவி ஒரு கிழவி. முதல் அத்தியாயத்தில் ஆலையை இடிக்கிறார்கள். மூன்றாவதில் மூத்த மகன் உடம்பு மயிர் உதிர்ந்து, பகலில் மயங்கி நடந்து, மனிதர்களிடம் அடிவாங்கிச் சாகிறான். ஐந்தாவதில் இரட்டைப் பெண்கள் கண்ணாடியில் மோதுகிறார்கள். காட்டேரிக்குக் கண்ணாடியில் உருவம் தெரியாது என்பார்களே. எதிரே தன் உருவம் வராததால் அங்கே கண்ணாடி இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை எழுதி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாசகர் கடிதம் மூட்டையாக வந்தது. ஆசிரியர், "அம்மா, காட்டேரிக்காக அழுதேன்னு ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் எழுதியிருக்கார்" என்று போனில் குதித்தார்.

ஏழாவது அத்தியாயத்தில் ஆந்தைகள் வந்தன.

ஆந்தைகள் அதற்கு முன்பே மையத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. இதயம்போல் வெள்ளை முகம் கொண்ட கூகைகள். முதலில் ஒன்று, அந்த மாதமே இன்னொன்று. உடம்பில் ஒரு காயம் இருக்காது. தூக்கினால் கழுத்து தொங்கும், அலகோரத்தில் ஒரு சொட்டு ரத்தம். அறுத்தால் நெஞ்சுக்குள் ரத்தம் குளமாக நிற்கும். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் உறையாது, சிவப்புத் தண்ணீர்போலத் தட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

"எலி மருந்துக்கா" என்று டாக்டர் சொன்னார். "எலி தின்னதும் சாகாது. நாலஞ்சு நாள் கிறங்கிப்போய் வெளியில சுத்தும். ஆந்தைக்கு லட்டு மாதிரி. ஒண்ணு ரெண்டு தின்னா ஒண்ணுமில்ல. தினம் தின்னா உள்ள சேர்ந்துக்கிட்டே போகும். அப்புறம் ரத்தம் கட்டாது. ஒரு முள்ளு கீறினா போதும், உள்ளயே வடிஞ்சு செத்துடும்."

"எங்க கிடைச்சுது?" என்று அவள் கேட்டாள். கட்டத்தை நிரப்ப வேண்டுமே.

"கிடங்குக்குப் பின்னால, வாய்க்கால் ஓரமா" என்றார் கூண்டுக்காரர்.

அவள் எழுதினாள்.

டாக்டர் கிடங்குக்குக் கடிதம் போட்டார். ஒரு மாதம் கழித்து நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது: எங்கள் வளாகத்தில் மருந்து முழுவதும் பூட்டிய பெட்டிகளுக்குள்தான் வைக்கப்படுகிறது, வெளியில் எங்கும் போடுவதில்லை. அந்தப் பதிலைத் துளை போட்டுக் கோப்பில் கோத்தவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி பந்துபோல வீங்கியிருந்தது. அவள் தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நூத்தி நாப்பத்திரண்டு பெட்டி" என்று அவர் பேச ஆரம்பித்தார். தைலம் தேய்க்கும்போது அவர் பேசுவார். "ஒவ்வொண்ணுக்கும் குந்தணும், பூட்டைத் திறக்கணும், கம்பியில மருந்துக் கட்டியைக் கோக்கணும், மூடணும், எழுந்திரிக்கணும். நூத்தி நாப்பத்திரண்டு தடவை தோப்புக்கரணம். பின்பக்கம் நாப்பத்தேழுலேர்ந்து எழுபது வரைக்கும் சரிவு வேற. அந்தப் பூட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, நான் தொடுறதே இல்ல. வாய்க்கால் ஓரமா கட்டியை வீசிட்டு வந்துடறேன். எலிக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

அவள் கை நின்றது.

"கொஞ்சம் மேல" என்றார் அவர். "ஆங், அங்கதான்."

அவள் கொஞ்சம் மேலே தேய்த்தாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவர் கேட்பார், பிடிவாதக்காரர் இல்லை. மறுநாளே சரிவில் இறங்கி இருபத்து நான்கு பூட்டையும் உடைத்து, இருபத்து நான்கு முறை உட்கார்ந்து எழுவார். ஆறு மாதத்தில் நடக்க முடியாமல் போகும். நடக்க முடியாதவனை நிர்வாகம் வைத்துக்கொள்ளாது. இன்றைக்கு வேண்டாம், வீக்கம் வடியட்டும் என்று நினைத்தாள். வீக்கம் வடிந்த வாரம் மகளுக்குத் தேர்வு வந்தது. பிறகு ஒரு கல்யாணம். அதற்குள் ஆந்தை எண் நான்காகி, ஏழாகி, பதினொன்றாகியிருந்தது. முதல் ஆந்தையின்போது சொல்லாததைப் பதினொன்றாவதின்போது எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறையும் டாக்டர் "கிடைத்த இடம்?" என்று கேட்பார், கூண்டுக்காரர் "கிடங்கு வாய்க்கால்" என்பார், அவள் குண்டுகுண்டாக எழுதுவாள்.

வீட்டிலும் மையத்திலும் சொல்ல முடியாமல் இருந்ததைத்தான் ஏழாவது அத்தியாயத்தில் எழுதத் தொடங்கினாள். ஊர்க்காரர்கள் காட்டேரிக்குப் பயந்து ஒரு மருந்தைக் குடிக்கிறார்கள். அது அவர்களை ஒன்றும் செய்யாது. அவர்கள் ரத்தத்தைக் குடிப்பவர்கள்தான் உள்ளுக்குள் கசிந்து சாவார்கள். செத்த காட்டேரி பறவையளவுக்குச் சுருங்கிவிடும். கிழவி தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்துத் தராசில் வைத்து எடை பார்க்கிறாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம், இருநூற்று எண்பத்தேழு, முந்நூற்று நாற்பது. மருந்தைக் காத்து வைத்திருப்பவன் ஒரு முட்டிவலிக்காரன். நல்லவன். பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டியதை வலி தாங்காமல் வெளியே வீசுகிறான்.

அவள் எழுதியதை மகள்தான் போனில் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புவாள். ஒன்பதாவது அத்தியாயத்தைத் தட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, நூத்தி நாப்பத்திரண்டுன்னு எதுக்கு? நூறுன்னு போட்டா என்ன?"

"நூறுன்னா பொய் மாதிரி இருக்கும்."

"பொய்தானேம்மா? காட்டேரிக் கதைதானே இது?"

"நீ இருக்கிறதை அடி."

"நாப்பத்தேழு முதல் எழுபது வரை பூட்டு துருவேறி இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை" என்று மகள் வாய்விட்டுப் படித்தாள். "அப்பா சொல்றதாச்சே இது." அம்மா அடுத்த தாளை நீட்டினாள். மகளுக்கு மறுநாள் கல்லூரியில் ஏதோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. அடித்து அனுப்பிவிட்டாள்.

அந்த இதழ் வந்த அன்று கூண்டுக்காரர் வழக்கம்போல் டீ நேரத்தில் வாசித்தார். ராகம் போட்டு வாசிப்பவர். கிழவி கடைசியில் மருந்துக்காவலன் வீட்டைக் கண்டுபிடித்து வந்து கதவைத் தட்டுகிறாள். காவலனின் மனைவி கதவைத் திறக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்காமல் நிற்கிறாள். தொடரும்.

"அடடா, இப்படி நிறுத்திட்டீங்களேக்கா" என்று கூண்டுக்காரர் இதழை மடித்தார்.

டாக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து அவள் மேஜைக்குப் போனார். ஆந்தைப் பக்கங்களைப் புரட்டினார். விரலை வைத்துத் தேடி ஓரிடத்தில் நிறுத்தினார். கூண்டுக்காரர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகும் வரை பொறுத்திருந்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு கிராம். பதினெட்டாம் நம்பர் ஆந்தை."

"ஆமாம் டாக்டர்."

"இருநூத்தி எண்பத்தேழு?"

"இருபத்திரண்டு."

அவர் பதிவேட்டை மூடினார். அவள் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கிடங்கு அவருடைய கடிதத்துக்கு என்ன பதில் எழுதியது என்பதும் தெரியும். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பெட்டி நம்பரெல்லாம்? கதைக்காக எழுதினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்க்கா. நான் இதோட விட்டுடறேன்."

நல்ல மனுஷர். அவள் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்து பிடித்ததுபோல நின்றார். கதைதான் டாக்டர் என்று சொல்ல இரண்டு சொல் போதும். உள்ளறையில் முப்பத்தொன்றாவது ஆந்தை தட்டில் கிடந்தது. டீ முடிந்ததும் எழுத வேண்டியது.

"நம்பர் எதையும் நானா போடல டாக்டர்" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார். மறுநாள் எழுதிய கடிதத்தில் அவள் பெயரோ கதையின் பெயரோ இல்லை. பின்பக்கச் சரிவில் நாற்பத்தேழு முதல் எழுபது வரையுள்ள பெட்டிகளைத் திறந்து பார்க்கும்படி மட்டும் கேட்டிருந்தார். ஒரு நகல் மேலிடத்துக்கு. அதை அனுப்பும் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, தபாலில் சேர்த்தவளும் அவள்தான். அது அவள் வேலை.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு நாளும் அவருக்குத் தைலம் தேய்த்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் சீசாவைத் திறந்தாள். இத்தனை நாளாகத் தெரியும் என்பதோடு இப்போது கடிதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் அவரே, "என்ன, கை இன்னைக்கு இவ்வளவு அழுத்துது?" என்று கேட்டார். "வலிக்குதா?" என்றாள். "இல்ல, நல்லாருக்கு" என்றார்.

பதின்மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் காலை பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் அன்று பல்வலியால் விடுப்பு. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம். பூட்டறுக்கும் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, நேராகச் சரிவில் இறங்கி, நாற்பத்தேழில் ஆரம்பித்து எழுபதில் நிறுத்தினார்களாம். உள்ளே இருந்தது இரண்டு வருஷத்துக் கட்டி, எறும்பு அரித்து மண்ணாகக் கிடந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நூத்தி நாப்பத்திரண்டுல நேரா அதுக்குப் போறான். நாப்பத்தாறைத் தொடல, எழுபத்தொண்ணைத் தொடல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை போனதைவிட அதுதான் அவரைக் குடைந்தது. "கூட இருக்கிறவன் எவனோதான் சொல்லியிருக்கான்."

"விடுங்க" என்றாள்.

"எப்படி விடுறது? எனக்கும் அந்த எடைமேடைக்காரனுக்கும் தவிர அந்தப் பூட்டு விஷயம் ஒருத்தனுக்கும் தெரியாது."

எடைமேடைக்காரர் அவருக்கு இருபது வருஷச் சிநேகிதர். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் பங்கு போட்டுத் தின்பவர்கள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரோடு சேர்ந்து காத்திருந்த மனிதர். அவள் வாயைத் திறக்க அந்த ஒரு நிமிஷம் இருந்தது. பல் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

புதன்கிழமை அவர் நேராகக் கிடங்கு வாசலுக்குப் போய், எடைமேடையில் லாரி நிற்கும்போதே, டிரைவர்கள் பார்க்க, சிநேகிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தார். என்னென்ன சொன்னார் என்று வீட்டில் சொல்லவில்லை. கைக்குள் அந்த மனிதரின் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஜன்னல் கட்டையில் வைத்தார்.

மையத்தில் வியாழக்கிழமை கூண்டுக்காரர் சொன்னார்: கிடங்கில் இனிமேல் சொந்த ஆள் கிடையாதாம், வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் பெட்டி கிட்டி எதுவும் வைத்துக்கொள்வதில்லை, மூட்டையைப் பிரித்து அப்படியே தூவிக்கொண்டு போகிறார்களாம். டாக்டர் கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டினார். அவள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

எடைமேடைக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, சுருட்டி வைத்திருந்த பத்திரிகையை இவர் மடியில் போட்டார். அவர் வீட்டில் எல்லோரும் காட்டேரித் தொடரின் பரம ரசிகர்கள்.

"எம் பொண்டாட்டிதான் காட்டினா. நாப்பத்தேழு, எழுபதுன்னு அச்சுல இருக்குது பாரு. ஆந்தை சாகுதுன்னு மேலிடத்துக்குக் கடிதாசி போட்டது தங்கச்சி வேலை செய்யற எடத்து டாக்டராம். எழுதினவன் எவனோ ஆம்பளைன்னு போட்டிருக்கு. ஆனா தைலத்தை எந்த விரலால தேய்க்கணும்னு வரைக்கும் எழுதறவன் ஆம்பளை இல்ல. நீ நல்லா உலுக்கினடா என்னை." பிறகு உள்ளே அடுப்படிப் பக்கம் பார்த்து, "வரேன் தங்கச்சி" என்று வழக்கம்போலவே சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் மடியில் கிடந்த இதழை எடுத்து நாற்காலியில் வைத்தார். மகளைக் கூப்பிட்டு, முதலிலிருந்து எல்லா இதழும் வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மகள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நீயும் படிச்சியா?"

"நான்தான்ப்பா டைப் பண்ணினேன்."

"ம்."

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். வேகமாகப் படிக்கத் தெரியாது; வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, உதட்டை அசைத்துப் படிப்பார். இரண்டு இடத்தில் நிறுத்தி முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போனார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி விரலை வைத்த இடத்தில் வைத்தார். தைல சீசாவை அவள் எடுத்துக்கொண்டு போனபோது காலை மடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அவள் படுக்கையறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பத்தாவது அத்தியாயம் இல்லாமலே இரண்டு இதழ் வந்துவிட்டது, ஆசிரியர் மூன்று முறை போன் செய்துவிட்டார். தாளில் எண் பத்து என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் ஒன்பதாவது இதழோடு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மகள் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நல்லாத்தான் எழுதற" என்றார் அவர்.

அவள் பேனாவை வைத்தாள்.

"அந்தக் கண்ணாடில மோதற பிள்ளைங்க. அது நெஜமா நடந்ததா?"

"குருவிங்க. பத்தொன்பது."

"ம். இந்தக் கடைசில கதவைத் திறந்துட்டு நிக்கறாளே, அந்தப் பொம்பளை. அவளுக்கு எல்லாம் தெரியும்னு போட்டிருக்க. எத்தனை நாளாத் தெரியும்னு போடல."

"இருபத்திரண்டு மாசம்" என்றாள். வேறு எண் அவளுக்கு வரவில்லை.

அவர் அதை மனதுக்குள் பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"சொல்லியிருந்தா நான் திறந்திருப்பேன். கஷ்டம்தான். ஆனா திறந்திருப்பேன். அதுங்க செத்துப்போகுதுன்னு எனக்கு யாரு சொன்னா? எலியைக் கொல்லத்தான் நான் சம்பளம் வாங்கினேன்."

"உங்க முட்டி இருந்த இருப்புல..."

"முட்டி என்னோடது."

அவள் தாளைப் பார்த்தாள். மகள் நிலைப்படியில் கால் மாற்றி நின்றாள்.

"அவன் சட்டையைப் பிடிச்சேன்" என்றார் அவர். "அன்னைக்கு நீ அடுப்படில நின்னுட்டிருந்த. நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பறதைப் பார்த்துட்டு நின்ன."

"ஆமாம்."

அவர் இதழை நான்காக மடித்துக் கட்டிலில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. கடையில் விலை கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் சொன்ன. டாக்டருக்குச் சொன்ன. முகம் தெரியாத ஹெட்மாஸ்டர் அழற அளவுக்குச் சொல்லியிருக்க. தினம் சாயங்காலம் என் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, எனக்கு ஏன் சொல்லத் தோணல?"

அவள் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு மாதத்தில் சொல்லியிருக்கக்கூடிய நாட்கள் எல்லாம் தேதியோடு அவளுக்கு ஞாபகம் இருந்தன. ஏன் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை.

அவர் காத்திருந்தார். வெளியில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, வழிவிட்ட மகளின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்.